சுப்புராயன் துகள்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே நம்பிக்கை இல்லை. மின்னணு நுண்ணோக்கிக்குப் போர்த்திய பொன்னாடை பச்சை என்று என் ஞாபகம். அந்த விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஊதா என்கிறார்கள். பொன்னாடை போர்த்தினார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே நிறங்களை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள். இதில் நம்ப முடியாததாகத் தோன்றுபவை எல்லாம் நடந்தவை. நம்பும்படி இருக்கும் இடங்களில்தான் நான் எங்காவது தவறியிருக்கக்கூடும்.

அடையாற்றில் நுண்ணமைப்பு ஆய்வு நிலையம் என்று ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும் பெரிதாகியிருக்கிறது. மணிமொழி அங்கே முனைவர் பட்ட ஆய்வாளர். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிப் பிறந்தவள்; குடியிருப்பை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, அங்கிருந்து தினமும் பேருந்தில் நின்றுகொண்டே வந்து போனாள். அதிகம் பேசமாட்டாள். நிலையத்தில் அது பணிவு என்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தது.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் நிணநீர் நுண்குழல்கள். இரத்தக் குழாய்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவற்றிலிருந்து கசிந்து சதைக்குள் தேங்கும் நீரை உறிஞ்சித் திருப்பி அனுப்ப இன்னொரு குழாய்க் கூட்டம் உண்டு. அதில் மிகச் சிறியவற்றின் சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. செல்களின் ஓரங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். வெளியே நீர் மிகுந்தால் ஓரம் விலகி உள்ளே விடும். உள்ளே வந்தது வெளியேறாமல் மூடிக்கொள்ளும். கிட்டத்தட்ட ஒரு கதவு. யானைக்கால் வந்தவர்களின் காலில் இந்தக் கதவு மூடாமல் திறந்தே கிடக்கிறது என்று மணிமொழிக்கு ஐயம். ஐயத்தைப் படமாக்கினால் பட்டம். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஆக்காவிட்டால், ஏற்கெனவே நீட்டித்திருந்த அவளுடைய பதிவு காலாவதியாகிவிடும். அதன்பின் பட்டமும் இல்லை, அத்தனை ஆண்டும் இல்லை.

ஆனால் நிலையத்தில் ஆய்வாளர்களின் முதன்மையான பணி பொன்னாடை வாங்குவது. வாரத்துக்கு ஒரு சிறப்பு விருந்தினராவது வருவார். மணிமொழி தி.நகருக்குப் போய்ப் போய், சரிகையின் அகலத்தைப் பார்த்தே அது எந்தப் பதவியின் தோளுக்கு உரியது என்று சொல்லுமளவுக்குத் தேர்ந்திருந்தாள். பணியில் இருப்பவருக்கு இருபுறமும் சரிகை. ஓய்வு பெற்றவருக்கு ஒருபுறம். விஞ்ஞானி என்றால் கைத்தறித் துண்டே போதும். மாலை மட்டும் மயிலாப்பூர் மாடவீதியில்தான் வாங்க வேண்டும் என்பது இயக்குநர் சுப்புராயனின் ஆணை. ஒருமுறை அடையாற்றிலேயே வாங்கிவிட்டதற்கு விளக்கம் கேட்கப்பட்டது.

நுண்ணோக்கி தரைத்தளத்தில் தனி அறையில் இருந்தது. ஆளுயரத்துக்கு மேல், வெள்ளை வெளேரென்று. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் பழுதாகாத கருவி என்பதற்காக அதற்கு ஒரு கேடயம் கிடைத்திருந்தது. பழுதாகாததற்குக் காரணம், அதை யாரும் இயக்குவதில்லை. விருந்தினர்களை அழைத்துவந்து காட்டுவார்கள். அவர்கள் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு.

அதன் இயக்குபவர் டில்லிபாபு. பணி மூப்பில் அந்த அறைக்கு வந்தவர். மணிமொழி அவரிடம் நாள் கேட்டு நடையாய் நடந்தாள்.

"அண்ணே, எனக்கு எப்போ ஸ்லாட்டு?"

"இன்னாமா அவசரம் உனுக்கு? மெஷினு எங்கனா ஓடிப்பூடப் போவுதா? இங்கதான் கீது."

"என் பதிவு முடியப்போவுதுண்ணே."

"முடிஞ்சா திரும்பப் பதிஞ்சிக்கோ. உள்ள கீற ஃபிலமென்ட் போச்சின்னா எவன் கையெழுத்துப் போடுவான்? டைரக்டரு போடமாட்டாரு. ஓட்டாத வண்டிக்கி பஞ்சர் ஆவாது மணி. புரிஞ்சிக்கோ."

"ஓட்டத்தானே அண்ணே வண்டி?"

"அப்டின்னு வாங்குறப்ப யாரும் சொல்லலியே."

டில்லிபாபு கெட்டவர் அல்ல. அந்தக் கருவியைப் பற்றி நிலையம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்த ஒரே பாடத்தை மறக்காமல் வைத்திருந்தார்.

திசுவைத் தந்தது பேச்சியம்மாள். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவர். மணிமொழியின் அம்மாவுக்குப் பழக்கம். இடது கால் முழங்காலிலிருந்து கீழே வீங்கி, தோல் தடித்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் காலுக்கு ஒரு சிறு அறுவை செய்தபோது, நீக்கிய தோலில் ஓரமாக ஒரு துண்டை மணிமொழிக்குக் கொடுக்க அவர் சம்மதித்தார்.

"அதுல இன்னா கண்ணு பாக்கப்போற?"

"உங்க காலுக்குள்ள சின்னச் சின்னதா கதவு இருக்கும்மா. அது சரியா மூடுதான்னு பாக்கணும்."

"மூடாத கதவா? எங்க கவுர்மென்ட் வூட்லயும் ஒண்ணு கீது, வந்து பாரு. அதுக்கு எதுக்கு மெஷினு?" என்று சிரித்துவிட்டு, பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினார். "பாத்துட்டு மறக்காம வந்து சொல்லு. இத்தினி வருசத்துல இந்தக் காலுக்குள்ள இன்னா கீதுன்னு எவனும் எங்கிட்ட சொன்னதில்ல."

மணிமொழி அந்தத் துண்டைப் பதப்படுத்தி, பிசினில் புதைத்து, இறுகவைத்து, வைரக் கத்தியால் கண்ணுக்கே தெரியாத சீவல்களாகச் சீவி, மூக்குத்தி அளவுள்ள செம்பு வலையில் ஏந்தி வைத்தாள். இதில் ஒவ்வொன்றுக்கும் கை நடுங்காமல் இருக்க வேண்டும். பிறகு காத்திருந்தாள். ஆயுத பூஜைக்கு மறுநாள், விருந்தினர் ஒருவர் வராமல் போனதால், டில்லிபாபு மனமிரங்கி, "வா, ஒரு ரவுண்டு பாத்துட்டுப் போ" என்றார்.

ஆயுத பூஜை அந்த நிலையத்தின் பெருவிழா. கருவிகள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பூசணிக்காய் உடைப்பது நுண்ணோக்கி அறை வாசலில். டில்லிபாபு எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். மாதிரியை நுண்ணோக்கிக்குள் செலுத்தும் நீண்ட கம்பி ஒன்று உண்டு. அதற்கும் மூன்று பட்டையாக விபூதி பூசினார். கைப்பிடியில் பூசினால் ஆளாளுக்குத் தொட்டு அழிந்துவிடும் என்று, யாரும் தொடாத நுனியில் பூசினார். அந்த நுனியில்தான் செம்பு வலை உட்காரும். யாரும் தொடக்கூடாது என்று விதி இருந்ததும் அதனால்தான். மறுநாள் வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்துவிட்டு மணிமொழியிடம் கொடுத்தார்.

திரையில் முதலில் சாம்பல் நிறப் புகை. அவள் மெல்ல மெல்லக் குவியத்தைக் கூட்டினாள். குழலின் சுவர் வந்தது. நூலைப் போல மெலிந்த சுவர். அதன் ஒரு செல்லின் ஓரம் இன்னொன்றின்மேல் படிய வேண்டிய இடத்தில் படியாமல் விலகி நின்றது. நடுவே வெளிச்சமாக ஓர் இடைவெளி. வெளியே அதை இழுத்துப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகள்கூடத் தெரிந்தன. மணிமொழி அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். டில்லிபாபு இரண்டு தரம் கொட்டாவி விட்டார். இடைவெளியைச் சுற்றி அங்கங்கே கருப்பாகச் சில துகள்கள் கிடந்தன. அவள் அவற்றை அப்போது பொருட்படுத்தவில்லை.

கருவி ஓடுகிறது என்ற செய்தி நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. குடிநீர் எந்திரம் நன்கொடை கொடுக்க வந்திருந்த வணிகர் சங்கத்தாரை அழைத்துக்கொண்டு சுப்புராயன் வந்தார். கழற்றிய செருப்புகள் தாழ்வாரம் வரைக்கும் நின்றன.

"இது என்னம்மா?"

"நிணநீர் நுண்குழல் சார்."

"இது?" அவர் விரல் இடைவெளியில் நின்றது.

"சுவர்ல இடைவெளி சார். இதைத்தான் நான்..."

"ஓட்டையா? நம்ம மெஷின்லயா?" வணிகர் சங்கத்தாரை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர்கள் மரியாதைக்கு வேறுபக்கம் பார்த்தார்கள். "சரி, இது? இந்தக் கருப்பு மணி மணியா?"

"அது அழுக்கு சார்."

"அழுக்கா?" சுப்புராயன் நிமிர்ந்தார். "இது குளிர்சாதன அறை. செருப்பைக் கழற்றிட்டு வர்ற அறை. இங்க அழுக்கு எப்படி வரும்?"

அழுக்கு வர வழியில்லாத அறையில் இருப்பது அழுக்காக இருக்க முடியாது. அழுக்கு இல்லையென்றால் அது கண்டுபிடிப்பு. இதுவரை இதை யாரும் பார்த்திருக்கிறார்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றார் டில்லிபாபு. இதுவரை யாரும் கருவியையே இயக்கியதில்லை என்பதால் அதுவும் உண்மைதான். வணிகர் சங்கத் தலைவர் முதலில் கைதட்டினார்.

எல்லோரும் போன பிறகு மணிமொழி கம்பியை வெளியே இழுத்துப் பார்த்தாள். நுனியின் பள்ளத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு மோந்தாள்.

"அண்ணே, இது விபூதி."

"ஆமா. நேத்து பூஜையில்ல?"

"எலக்ட்ரான் இதுக்குள்ள ஊடுருவாது. அதுதாண்ணே படத்துல கருப்பா தெரிஞ்சது."

டில்லிபாபு கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "மேல சொல்லப்போறியா, மணி? அவரே கைதட்டு வாங்கிக்கினு போய்ட்டாரு. இப்ப போயி விபூதின்னா, பூஜய கொற சொல்றேன்னு ஆயிடும். உடு."

அந்த வாரமே படத்தரக் குழு கூடியது. கூட்டத்தில் பேச ஒரு பொருள், ஒரு குறை. பொருள் துகள், அதற்குச் சுப்புராயன் துகள் என்று பெயரிட ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். இயக்குநர் சற்று நேரம் மறுத்தார், பிறகு பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டார். குறை, இடைவெளி. அரசுப் பணத்தில் வாங்கிய கருவியில் ஓட்டை விழுந்த சுவரைப் படம் எடுத்தது ஏன் என்று மணிமொழியிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். கட்டடப் பராமரிப்புப் பொறியாளர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது விரிசல்தான், ஈரம் இறங்கியிருக்கிறது, பூசிவிடலாம் என்று கருத்துத் தெரிவித்தார். அதுவும் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறியது.

மணிமொழியின் வழிகாட்டி பேராசிரியர் பங்கஜம். மயிலாப்பூர்க்காரர். ஓய்வுக்குக் கொஞ்ச நாளே இருந்தது.

"மேடம், அது விபூதி. கம்பியில இருந்துச்சு. நானே பார்த்தேன்."

"தெரியும்டீம்மா. டில்லிபாபு எங்கிட்டயும் சொன்னான்." பங்கஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நேத்து ஆத்துக்குப் போயும் அதையேதான் நினைச்சுண்டிருந்தேன். அவர் பேர் வெச்சாச்சு. வெச்ச பேரை எப்படி எடுப்பா? நீ துகளுக்குன்னு ஒரு அத்தியாயம் எழுதிடு. உன்னோட ஓட்டை பின்னிணைப்புல போகட்டும்."

"அதுதானே மேடம் என் ஆய்வு?"

"நானும் என் காலத்துல ஒண்ணு கண்டுபிடிச்சேன். நெஜமாவே நன்னா இருந்தது. பின்னிணைப்புலதான் இருக்கு. அதை ஒருத்தரும் பிரிச்சுப் பார்த்ததில்லே. அதனாலதான் நான் நிம்மதியா ரிட்டயர் ஆறேன்."

சொல்லிவிட்டுப் பங்கஜம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுதாரா என்று மணிமொழிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அடுத்த சிக்கல், துகள் மறுபடி வரவில்லை. கம்பியை மணிமொழி நன்றாகக் கழுவியிருந்தாள். இரண்டாவது சீவலில் இடைவெளி இன்னும் தெளிவாக இருந்தது. துகள் ஒன்றுகூட இல்லை. நிலையம் ஆடிப்போய்விட்டது. முதல்முறைக்கும் இரண்டாம் முறைக்கும் என்ன வேறுபாடு என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு டில்லிபாபுவை விசாரித்தது.

"மொத தபா பூஜ போட்டோம் சார். இந்தத் தபா போடல."

அறிவியலில் ஒரு முடிவு மறுபடி வர வேண்டுமானால் அதே நிபந்தனைகளை மறுபடி உண்டாக்க வேண்டும். இந்த அடிப்படை விதி நிலையத்தில் முதன்முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. பூஜை போட்டார்கள். கம்பியின் நுனியில் மூன்று பட்டை. துகள் வந்தது. அன்றுமுதல் செய்முறைப் பகுதியில், பதப்படுத்துதலுக்கும் சீவுதலுக்கும் அடுத்ததாகப் பூஜையும் ஒரு படியாகச் சேர்ந்தது. விபூதி எந்தக் கடையில் வாங்கியது என்பது உட்பட.

மணிமொழி விடாமல், ஒப்பீட்டுக்காக நோயற்ற ஒருவரின் திசுவைப் பூஜை இல்லாமல் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். ஒரு மாதிரிக்குப் பூஜை செய்து இன்னொன்றுக்குச் செய்யாமல் விடுவது பாரபட்சம் என்று சுப்புராயன் மறுத்துவிட்டார். நோயற்ற திசுவிலும் துகள் வந்தது. ஆகவே துகள் நோயாளிகளுக்கு மட்டுமல்ல, மனிதகுலத்துக்கே பொது என்று தெரிந்தது. எலித் திசுவில் பார்த்தார்கள், வந்தது. வாழைத்தண்டில் பார்த்தார்கள், வந்தது. கடைசியில் மணிமொழி, திசுவே வைக்காமல் வெறும் செம்பு வலையைச் செருகிக் காட்டினாள். இதைப் பார்த்தாவது புரியும் என்று அவள் நினைத்தாள். அதிலும் துகள் இருந்தது. சுப்புராயன் திரையை நோக்கிக் கைகூப்பினார். பிறகு தழுதழுத்த குரலில், "உடம்பே இல்லாமலும் இருக்கே!" என்றார்.

இந்த வரி அழைப்பிதழில் அச்சாயிற்று.

பாராட்டு விழாவுக்கு மணிமொழிதான் தி.நகர் போய்ப் பொன்னாடைகள் வாங்கி வந்தாள். ஒன்று அதிகம் வாங்கச் சொன்னார்கள், அது கருவிக்கு. கருவியின் உச்சி எட்டாததால் டில்லிபாபு முக்காலியில் ஏறிப் போர்த்தினார். அதன் பிறகு சுப்புராயன் பேசினார்.

"அவையோருக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாக நான் அறிவியலில் இருக்கிறேன். இந்த முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட நுண்ணோக்கியில் கண் வைத்ததில்லை. அதனால்தான் என் பார்வை இன்றும் கெடாமல் இருக்கிறது. மற்றவர்கள் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, நுணுக்கம் நுணுக்கம் என்று ஓட்டைகளையே காண்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் தலைவன் ஓட்டையைப் பார்க்கக்கூடாது. அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் இந்த நிலையத்தில் எனக்கு வேறு வேலைக்கு நேரம் இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்!"

பலத்த கைதட்டல். அவர் சொன்னது உண்மை என்பதால் பணியாளர்கள்தான் அதிகம் தட்டினார்கள்.

மணிமொழி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஆய்வேடு இருந்தது. அதில் பங்கஜம் சொன்னபடி துகளுக்கு ஓர் அத்தியாயம் எழுதியிருந்தாள். தலைப்பும் மற்ற அத்தியாயங்களும் இடைவெளியைப் பற்றியே இருந்தன. இவ்வளவு விட்டுக்கொடுத்தால் அவ்வளவு கிடைக்கும் என்பது அவள் போட்ட கணக்கு.

வாய்மொழித் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகத் திருச்சியிலிருந்து பேராசிரியர் காதர் வந்தார். ஓய்வு பெற்ற விஞ்ஞானி. கைத்தறித் துண்டு போர்த்தினார்கள். அவர் திரையில் இருந்த முதல் படத்தை நெடுநேரம் பார்த்தார். அரங்கில் குளிர்சாதன எந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. மற்றவர்கள் நெளிந்தார்கள். மணிமொழிக்கு மட்டும் அந்த மௌனம் பிடித்திருந்தது; அந்தப் படத்தை அவ்வளவு நேரம் பார்த்த இரண்டாவது ஆள் அவர்.

"இந்த ஓரம் மூடவே இல்லை, இல்லையாம்மா?"

"மூடலை சார். நான் பார்த்த எல்லாச் சீவல்லயும் திறந்துதான் இருக்கு."

"அப்போ உள்ளே போன நீர் திரும்பச் சதைக்கே வந்துடும்."

"ஆமாம் சார்."

"நல்ல வேலை பண்ணியிருக்கம்மா." அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தக் கருப்பெல்லாம் என்ன?"

முன்வரிசையில் சுப்புராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பங்கஜம் மணிமொழியைப் பார்த்து மிக லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. துகளைப் பற்றி அத்தியாயத்தில் எழுதியிருந்த வாக்கியங்கள் மணிமொழிக்கு மனப்பாடம். ஆனால் தன் படத்தை அப்படிப் பார்த்த ஒருவரிடம் அவற்றைச் சொல்ல வாய் வரவில்லை.

"விபூதி சார்."

சுப்புராயன் பக்கம் பார்க்காமல் அவள் தொடர்ந்தாள்.

"ஆயுத பூஜைக்குக் கம்பியில பூசினது. துடைச்ச பிறகும் நுனியில ஒட்டியிருந்தது. திசுவுல ஒண்ணும் இல்லை."

"கரீட்டு சார்," என்று பின்னாலிருந்து டில்லிபாபுவின் குரல் வந்தது. நிலையத்தின் பொது அவையில் அவர் கேட்காமலே பதில் சொன்னது அதுவே முதன்முறை. "நான்தான் பூசுனேன். மூணு பட்ட."

மணிமொழிக்கு அது முடிவு போலவும் விடுதலை போலவும் ஒரே சமயத்தில் இருந்தது. அப்போது சுப்புராயன் எழுந்தார். முகத்தில் கலவரம் எதுவும் இல்லை. மெய்யாகவே இல்லை.

"மணிமொழி சொன்னது முற்றிலும் உண்மை. இதைத்தான் நான் முதல் நாளிலிருந்து உள்ளுக்குள் உணர்ந்துகொண்டிருந்தேன். துகள் வெளியிலிருந்து வந்தது என்கிறார்கள். வெளியிலிருந்து வந்தால் என்ன? நானும் வேறு துறையிலிருந்துதான் இந்த நிலையத்துக்கு வந்தேன். இன்று நான் இல்லாமல் நிலையம் இருக்கிறதா? விபூதி என்பது என்ன? சாம்பல். சாம்பல் என்பது என்ன? நுண்துகள். உலகமே நுண்துகள் நுண்துகள் என்று பணத்தைக் கோடி கோடியாகக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, நாம் அதை நெற்றியில் பூசிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறோம்! அது நிணநீர்க் குழலை நாடிச் செல்கிறது என்று முதன்முதலில் நிரூபித்தவள் நம் மாணவி!"

நிணநீர்க் குழல் இல்லாத வெறும் வலையையும் அது நாடிச் சென்றதை யாரும் நினைவூட்டவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மணிமொழி "இல்லை சார்" என்று சொன்னாள். சொன்னதை ஒலிவாங்கி வாங்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அது சுப்புராயன் கைக்குப் போய்விட்டது. காதர், "நான் அந்த ஓரத்தைப் பற்றி இன்னும் கேட்கணும்" என்றார். அவருக்குச் சிற்றுண்டி தயாராக இருப்பதாகச் சொல்லி இரண்டு பேர் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள்.

ஆய்வேட்டில் ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள். தலைப்பையும் இடைவெளி அத்தியாயங்களையும் எடுத்துவிட வேண்டும்; துகள் அத்தியாயத்தை விரித்தெழுத வேண்டும். ஒப்புக்கொண்டால் அந்த மாதமே பட்டம். இல்லையென்றால் பதிவு முடிகிறது.

மணிமொழி அன்று பேருந்தை விட்டு இறங்கியது சிந்தாதிரிப்பேட்டையில். பேச்சியம்மாள் மீன் கூடைக்குப் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கண்ணு, கதவ பாத்தியா?"

"பார்த்தேன்மா. திறந்துதான் கெடக்குது. அதனாலதான் வீக்கம்."

பேச்சியம்மாள் தன் காலைப் பார்த்தார், புதிதாகப் பார்ப்பதுபோல. "அப்போ என் மேல தப்பில்ல. உப்பு ஜாஸ்தி துண்றேன், நின்னுக்கினே கீறேன்னு இத்தினி நாளா என்னியத்தான் திட்னானுங்கோ." காலைத் தடவிக்கொண்டே, "மூடுவானுங்களா?" என்றார்.

"இல்லம்மா. கதவ பார்த்ததா நான் எழுதக்கூடாதாம். சாம்பல் இருந்துச்சுன்னு எழுதணுமாம்."

"யாரு சாம்பலு? நான் இன்னும் சாவலியே!"

பக்கத்துக் கூடைக்காரி சிரித்தாள். மணிமொழிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது பேச்சியம்மாள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

"வேணாம்னா என் துண்ட திருப்பிக் குடுக்கச் சொல்லு," என்றார் அவர். "நான் ஒண்ணும் சாம்பலுக்கு குடுக்கல."

மணிமொழி வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யாரோ வஞ்சிரம் விலை கேட்டார்கள். பேச்சியம்மாள் ஒரு விலை சொன்னார், அவர்கள் ஒரு விலை சொன்னார்கள், பேரம் படியாமல் போய்விட்டார்கள். மறுநாள் அவள் நிலையத்துக்குப் போய்த் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டாள். எடுத்துவிடச் சொன்ன அத்தியாயங்களைக் கட்டுரையாக்கி, நிலையத்தின் பெயர் இல்லாமல், தன் பெயரில் வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். துகள் இல்லாத படத்தை வைத்தாள். திசு தந்தவர் என்று பேச்சியம்மாளுக்கு நன்றி எழுதினாள். பெயரைப் போடலாமா என்று மார்க்கெட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு.

பிறகு நடந்தவை இவ்வளவுதான்.

சுப்புராயன் பதவி உயர்ந்து வேறு ஒரு பெரிய நிலையத்துக்குப் போனார். அங்கே தொலைநோக்கி இருக்கிறது. பங்கஜம் ஓய்வு பெற்றார். மயிலாப்பூரில் இருக்கிறார், யாரையும் பார்ப்பதில்லை. டில்லிபாபு ஓய்வு பெற்ற மறுநாளே செய்முறை ஆலோசகராகத் திரும்ப அழைக்கப்பட்டார். துகள் வேறு யார் பூசினாலும் அவ்வளவு நன்றாக வருவதில்லையாம். காதரை அந்த நிலையம் பிறகு தேர்வாளராக அழைக்கவில்லை. கடைசியில் நுண்ணோக்கியின் ஃபிலமென்ட் போய்விட்டது. யாரும் கையெழுத்துப் போடாததால் அது அப்படியே இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் வருகிறார்கள்.

கட்டுரை வெளிவந்தது. நிலைய நூலகம் அந்த இதழை வாங்குவதில்லை.

பேச்சியம்மாள் இப்போது மார்க்கெட்டுக்கு வருவதில்லை. வலது காலும் வீங்கத் தொடங்கிவிட்டது. உப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

மணிமொழி வடபழனிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். முனைவர் பட்டம் இருப்பதால்தான் அந்த வேலை கிடைத்தது. பாடத்திட்டத்தில் நிணநீர் மண்டலத்தின் கீழ் சுப்புராயன் துகள் இருக்கிறது, இரண்டு மதிப்பெண். அவள் அதை நடத்துகிறாள்.